நாலு சக்கர பைக்கும் ஒரு மூட்டை உப்பும்

அடுத்தவர் வண்டியைக் கண்டபடி ஓட்டிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டாமலே கெடுத்த ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என் மனைவியின் தம்பி ஸ்டீபன், பள்ளிகொண்டாவில் தென்னந்தோப்பைச் சுற்றிவர ஒரு ஏடிவி வாங்கினான். (நாலு தடி டயர்மேல் உட்கார்ந்த பைக். நிற்கும்போதே நம்மை முறைக்கும்.) வாங்கிய கொஞ்ச நாளில் துபாயில் வேலை கிடைக்க, வண்டி ஆம்பூரில் என் கொட்டகைக்கு வந்தது.

"மாமா, ஹேண்ட் பிரேக் போட்டு வெக்காதீங்க. சக்கரத்துக்குக் கட்டை குடுத்தா போதும். வாரம் ஒருவாட்டி பத்தடி தள்ளி, பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு விடுங்க. இல்லன்னா டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பர் ஜாமாய்டும்."

"தோல் பதனிடுற ஷாப்புல மேஸ்திரிடா நான். ஒரு பொருளைக் கெடாம வெக்கிறது எப்படின்னு எனக்கே சொல்றியா?"

அவன் போனதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டினேன். (உருண்டு எங்கே போகும்? மூன்று பக்கமும் சுவர்.) பச்சைத் தோல் அழுகாமலிருக்க நாங்கள் உப்புப் போடுவோம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தோலுக்கு நல்லது இரும்புக்கும் நல்லதுதானே? ஒரு மூட்டை உப்பை நாலு சக்கரத்தையும் சுற்றிக் கொட்டிக் கதவைச் சாத்தினேன். மழைக்காலம் வந்து போனது. ஸ்டீபன் போனில் கேட்டபோதெல்லாம், "ஜம்முன்னு இருக்குடா" என்றேன்.

லீவில் வந்தவன் நேராக, தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். வண்டியில் ஒரு ரவுண்டு என்று அவளுக்கு மாதக்கணக்கில் வாக்குக் கொடுத்திருந்தானாம். வேலூரில் நர்ஸாக இருந்த அந்தப் பெண், அதற்காகவே புது ஷூ மாட்டி வந்திருந்தாள்.

வாரை அவிழ்த்துத் தள்ளினேன். அசையவில்லை. ஸ்டீபனும் சேர்ந்து தள்ளினான். பிரேக் டிஸ்க் காவி கட்டியிருந்தது.

"மாமா, வாரா வாரம் தள்ளினீங்களா?"

"தள்ளணும்னு வாரா வாரம் நெனச்சேன்டா."

புத்தியுள்ளவன் அங்கேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பான். நான் பக்கத்து வீட்டு ஜீப்பில் கயிறு கட்டினேன். வண்டி வந்தது. சக்கரம் மட்டும் சுற்றவில்லை. என் மனைவியின் கீரைப் பாத்தி நடுவே ஆழமாக இரண்டு கோடுகள் விழுந்தன. பெண்ணின் அப்பா குனிந்து அவற்றை நிதானமாகப் பார்த்தார்.

"உழவுக்கு வாங்கினதா தம்பி?"

ஸ்டீபன் காதெல்லாம் சிவந்துவிட்டது. அவன் கூப்பிட்ட மெக்கானிக் வந்து சேர்ந்தபோது, பிரேக்கில் ஊற்ற நான் தேங்காயெண்ணெயோடு நின்றிருந்தேன். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இப்ப ஓடல. இத ஊத்தினா அப்புறம் நிக்காது. பரவால்லையாண்ணே?"

காலிப்பரைக் கழற்றினார். பிஸ்டன் துருவோடு சங்கமமாகியிருந்தது. அன்று ரவுண்டு இல்லை. புது ஷூ பஸ் ஏறி வேலூர் திரும்பியது. நல்லவேளை, கல்யாணம் நடந்தது.

போன வருஷம் எனக்கு பிரஷர் வந்தது. உப்பைக் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். இதைக் கேட்ட ஸ்டீபன் மனைவி ரொம்ப நேரம் சிரித்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பிரியாணி தின்றுவிட்டு சோபாவில் சாயும் நேரம் பார்த்து அவளிடமிருந்து போன் வருகிறது. பேச்சு என் மனைவியோடுதான்.

"அண்ணி, அண்ணனைப் பத்தடி தள்ளினீங்களா?"