மரக்கறி வாரத்தில் ஒரு குரங்கு

கணிதம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு தொழில்நோய் உண்டு. உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதத்தை விளங்கப்படுத்த முடிந்தவனுக்கு, உலகத்தில் எவருக்கும் எதையும் படிப்பிக்கலாம் என்ற எண்ணம் மெல்ல மெல்லத் தலைக்கு ஏறிவிடும். எனக்கும் ஏறியிருந்தது. அதை இறக்கி வைத்தவர்கள் பதினேழு பேர். அவர்களில் மூத்தவருக்கு அப்போது வயது ஐந்து.

என் மனைவி சுமதி, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு நேர்சரி நடத்துகிறாள். (அரசாங்கக் கடிதங்களில் அது முன்பள்ளி. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) அவள் வத்தேகமக்காரி, நான் யாழ்ப்பாணத்தான். எனக்குக் கண்டி டவுனில் டியூசன் வகுப்புகள் பின்னேரத்தில்தான் என்பதால் காலையில் மேல்மாடியில் தேநீரும் பத்திரிகையுமாக இருப்பேன். கீழே இருந்து பாட்டு வரும். ஒரு வாரம் முழுக்கக் கண், காது, மூக்கு. அடுத்த வாரம் முழுக்க பஸ், லொறி, ரயில். பிறகொரு வாரம் முழுக்க மழை.

"இதுக்கு ஒரு கிழமையோ? என்னட்டைத் தந்தா அரை மணித்தியாலத்தில முடிச்சிடுவன்" என்று சுமதியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை மட்டும் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். நான் வாராவாரம் சொன்னேன். அவள் தரும் அன்றைய தேநீரில் சீனி குறைந்திருக்கும்.

அந்த வருடம் நேர்சரியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அலுவலர் ஒருவர் நேரில் வந்து, வகுப்பு நடப்பதைப் பார்த்து, சரி என்றால்தான் ஜனவரியில் கதவு திறக்கலாம். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். நாலு பிள்ளைகளோடு தொடங்கி, சுவருக்குத் தன் கையாலேயே பெயின்ற் அடித்து, அதை அவள் வளர்த்திருந்தாள். கல்யாணமாகி வந்த ஊரில் அவளை என் மனைவி என்று அறிந்தவர்களைவிட டீச்சர் என்று அறிந்தவர்கள் அதிகம். மூடவேண்டி வந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அலுவலர் வருவதாகச் சொன்னது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை நேர்சரியின் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் ஓடினார்கள். பெற்றோர்தான் கோட்டுக்குள் புகுந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களைக் கத்திக் கத்தி வெளியேற்றியதில் சுமதியின் தொண்டை போயிற்று. ஞாயிறு கரகரத்தது, திங்கள் அடைத்தது. செவ்வாய் காலையில் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. உதவிக்கு இருக்கும் மிஸ்ஸும் தங்கையின் கல்யாணத்துக்காகக் கடுகண்ணாவைக்குப் போய்விட்டார்.

"யோசியாதையும், நான் பாக்கிறன்" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விடுவது என்பது இதுதான். ஆனால் ஓணானுக்கு அப்போது அது தெரியாது, எனக்கும் தெரியாது.

சுமதி என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, வெறும் மூச்சாலேயே சொல்லத் தொடங்கினாள். "என்னங்க... கை தட்டுறது..."

"ஓம் ஓம், தெரியும். பிள்ளையளை உற்சாகப்படுத்த வேணும்."

அவள் தலையை ஆட்டி மறுத்து மூன்று விரலைக் காட்டினாள்.

"மூண்டு தரம் தட்டவேணும். சரி. நீர் கொத்தமல்லியைக் குடிச்சிட்டுப் போய்ப் படும்." நான் வெளிப் படிக்கட்டில் இறங்கிவிட்டேன்.

அது மரக்கறி வாரம். திங்களன்று ஆளுக்கொரு மரக்கறி கொண்டுவந்து பெயர் சொல்லியிருந்தார்கள். செவ்வாய், கண்ணைக் கட்டிக்கொண்டு தடவியும் மணந்தும் அது என்னவென்று சொல்ல வேண்டும். புதன், வெட்டிய வெண்டிக்காயைச் சாயத்தில் தோய்த்துப் பூப் பதிப்பது. வியாழன், கழுவிச் சலாது செய்து சாப்பிடுவது. வெள்ளி, மரக்கறியாகவே வேஷம் போட்டு வருவது. இதையெல்லாம் ஒரே காலையில் முடித்துவிட்டுப் பின்னங்களும் தொடங்கிவிடலாம் என்பது என் திட்டம்.

"தக்காளி உண்மையிலை ஒரு பழம்" என்று ஆரம்பித்தேன்.

"பழம்னா ஏன் சேர் அத கறியில போடுறாங்க?" என்றான் ஷபீர். முன்பல் இரண்டும் இல்லாதவன். நான் தாவரவியலில் இருந்து விளக்கம் தேடிக்கொண்டிருக்கும்போது, இரட்டைப் பின்னலோடு தக்‌ஷிகா எழுந்து நின்றாள்.

"சேர், நீங்க இன்னும் எங்களுக்கு குட் மோர்னிங் சொல்லல்ல."

சொன்னேன். பதினேழு பேரும் தனித்தனியாகத் திருப்பிச் சொன்னார்கள். அதற்கே அரை மணித்தியாலத்தில் பாதி போய்விட்டது.

பிறகு ஷபீரின் கண்ணைக் கட்டி, ஒன்றை மூக்கருகே பிடித்தேன். "லீக்ஸ்!" என்றான். "கெட்டிக்காரன்!" என்று பெருமையாக மூன்று தரம் கை தட்டினேன்.

சுமதியின் நேர்சரியில் கை தட்டுவது பாராட்டு அல்ல. அது கட்டளை. மூன்று தட்டு என்றால் கை கழுவும் நேரம். பதினேழு பேரும் எழுந்து, முன்னால் நிற்பவரின் சட்டையைப் பிடித்து ரயிலாகி, "கூ" என்று முற்றத்துக் குழாயடிக்குப் போனார்கள். ஷபீர் கட்டிய கண்ணோடு கடைசிப் பெட்டியாகப் போனான். நான் பின்னால் ஓடினேன். டியூசன் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவர்களை அடக்க இரண்டு தட்டுத் தட்டுவது என் பழக்கம். அதையே இங்கும் செய்தேன். இரண்டு தட்டு என்றால் விளையாட்டு நேரம்! ரயில் உடைந்து, ஊஞ்சலில் நாலு பேர், ஜம்பு மரத்தடியில் அஞ்சு பேர், சேற்றில் மிச்சப் பேர் என்று சிதறியது.

அந்த நேரம் பார்த்துக் கீழே கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு குடையும் ஒரு ஃபைலும் இறங்கின. எனக்கு மூளை நின்றுவிட்டது. பைத்தியம் பிடித்தவன் மாதிரி விடாமல் கை தட்டினேன்.

எங்கள் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லையை விளக்கத் தேவையில்லை. காட்டுப் பக்கமிருந்து பட்டப்பகலில் கூட்டமாக இறங்கி வரும். பிள்ளையின் கையிலிருக்கும் ரொட்டியைப் பறித்துக்கொண்டு, பிள்ளையையும் முறைத்துவிட்டுப் போகும். அதனால் சுமதி ஒரு பழக்கம் பழக்கியிருந்தாள். விடாமல் கை தட்டினால் குரங்கு வருகிறது என்று அர்த்தம். உடனே உள்ளே ஓடிக் கதவைத் தாழிட வேண்டும். தாழ்ப்பாளைக்கூடப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் போட்டிருந்தாள். (குரங்கு வாரம் என்று தனியாக ஒன்று இல்லை. எல்லா வாரமும் குரங்கு வாரம்தான்.)

கண் மூடித் திறப்பதற்குள் பெரியதுகள் சின்னதுகளின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போயின. கதவு மூடிக்கொண்டது. தாழ் விழுந்தது. என் வாழ்க்கையில் எந்த வகுப்பும் என் சொல்லை அவ்வளவு வேகமாகக் கேட்டதில்லை. ஒரே குறை, நான் வெளியே நின்றேன்.

"பிள்ளையள், கதவைத் திறவுங்கோ!"

கம்பி யன்னலில் தக்‌ஷிகாவின் முகம் தெரிந்தது. "குரங்கு போயிருச்சா?"

"குரங்கு வரவே இல்லையம்மா."

"அப்ப ஏன் சேர் தட்டினீங்க?"

உள்ளே இருந்து இன்னொரு குரல், "தொறக்காத! டீச்சர் சொல்லணும்" என்றது. அதுவும் சட்டம்தான். குரங்கு போய்விட்டது என்று டீச்சரின் குரலில் கேட்டால்தான் திறக்கலாம்.

அலுவலர் படியேறி வந்துவிட்டார். மடவளையைச் சேர்ந்த பெண்மணி. சிரிப்பை அளந்து செலவழிக்கிற முகம்.

"புள்ளைகள் எங்க?"

"உள்ளுக்கு."

"நீங்க?"

"வெளியில."

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு யன்னலருகே போய், "மகள், நான் ஒஃபிஸ்ல இருந்து வந்தீக்கிறேன். கதவத் தொறங்க பாப்போம்" என்றார் அன்பாக. "தெரியாதவங்க சொன்னா தொறக்கக் கூடாது" என்று பல குரல்கள் சேர்ந்து சொல்லின. அது போன மாதத்துப் பாதுகாப்பு வாரப் பாடம். அலுவலர் ஃபைலைத் திறந்து எதையோ எழுதினார்.

சத்தம் கேட்டுச் சுமதி கழுத்தில் துவாயைச் சுற்றியபடி இறங்கி வந்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே யன்னலுக்குப் போய் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"டீச்சர் வாய் அசையுது" என்றான், கண்கட்டை அவிழ்த்திருந்த ஷபீர்.

"சத்தம் வரல்லியே. சத்தம் வரணும்" என்றாள் தக்‌ஷிகா.

சுமதி மறுபடியும் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு எழுத்துக்கூட வரவில்லை. அலுவலரின் பேனாவைப் பார்த்தாள். தான் பெயின்ற் அடித்த சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளது கண்கள் நிரம்பியிருந்தன. பத்திரிகைக்குப் பின்னால் இருந்து வாராவாரம் நான் சொன்ன கேலியெல்லாம் அந்த நிமிடம் என் நெஞ்சில் ஏறி மிதித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நான் அழுதேன். அரசாங்க அலுவலர் ஒருவரின் முன்னிலையில்.

உள்ளே மாநாடு கூடியது.

"சேர் அழுறாரு."

"வெளிய குரங்கு இருக்கு."

"இருந்தா சேரக் கடிச்சிருக்கும்தானே."

"சேர்தான் குரங்கோ தெரியாது" என்றான் ஷபீர்.

எல்லோரும் என்னை ஆராய்ந்தார்கள். கடைசியில் தக்‌ஷிகா தீர்ப்புச் சொன்னாள்: "குரங்கு அழாது."

தாழ்ப்பாள் விலகியது. அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "அழாதீங்க சேர். முதல் நாள் எல்லாரும் அழுவாங்க." கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினாள். அது ஊசியால் அவள் சட்டையில் குத்தியிருந்ததால், நான்தான் முழங்காலில் நின்று குனிந்து கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே கூட்டிப் போய்த் தங்கள் பாயில் இடம் விட்டார்கள். ஒருத்தி முதுகைத் தடவினாள். ஷபீர் தான் கடித்த கரட்டின் கடிக்காத பக்கத்தைத் தந்தான். புதிதாகச் சேர்ந்து அழுகிற பிள்ளையை அங்கே அப்படித்தான் பார்த்துக்கொள்வார்களாம். அதை எந்த வாரத்தில் படித்தார்கள் என்று நான் பிறகு சுமதியிடம் கேட்டேன். அதற்கென்று வாரம் கிடையாது, தினமும்தான் என்றாள்.

அலுவலர் ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சுமதி குரலே இல்லாமல், கண்ணாலும் விரலாலும் பாடத்தை நடத்தி முடித்தாள். என் கண்ணையும் கட்டினார்கள். நோக்கோல் காய் ஒன்றைத் தந்தார்கள். நான் உருளைக்கிழங்கு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "பரவால்ல சேர், இன்னொருக்கா மணந்து பாருங்க" என்றார்கள். என் வகுப்பில் பிழையான விடை சொன்ன ஒருவனிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

போகும்போது அலுவலர் சுமதியின் கையைப் பிடித்தார். "புள்ளைகளப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல டீச்சர். அந்தக் கீழ்த் தாழ்ப்பாள மட்டும் கழட்டிருங்க." பிறகு பாயில் இருந்த என்னைப் பார்த்து, அளந்து வைத்திருந்த சிரிப்பை மொத்தமாகச் செலவழித்தார். "சேர இன்னும் ஒரு வருஷம் வெச்சிருந்து அனுப்புங்க."

பதிவு கிடைத்தது. தாழ்ப்பாள் கழன்றது. வருடக் கடைசிக் கலைவிழாவில் நேர்சரியை முடித்த பிள்ளைகளுக்குக் கடதாசித் தொப்பி போட்டார்கள். "சேருக்குத் தொப்பி இல்லியா டீச்சர்?" என்று மேடையில் நின்று தக்‌ஷிகா கேட்டாள். திரும்பி வந்திருந்த குரலோடு, ஒலிவாங்கியில், எல்லாப் பெற்றோரும் கேட்கச் சுமதி சொன்னாள்: "சேர் இன்னும் முடிக்கல்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பேச்சுரிமை குறைந்துவிட்டது. நான் எதற்காவது அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினால், முதலில் நேர்சரியை முடித்துவிட்டு வரும்படி பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகள் சொல்வாள். சுமதிக்கு இப்போது எதுவும் சொல்லத் தேவையில்லை.

பத்து வருடம் கழித்து, இந்த ஜனவரியில், என் சாதாரண தர வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்து முன்வாங்கில் உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல் இல்லை, உயர்ந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவள், "சேரை உனக்கு முந்தியே தெரியுமா?" என்று அவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"தெரியும்" என்றாள் தக்‌ஷிகா. "ரெண்டு பேரும் ஒரே நேர்சரி. நான் பாஸாகிட்டேன்."