இரண்டு காலால் ஓட்டும் கார்

இந்தக் காரை எக்காரணம் கொண்டும் ரிப்பேர் செய்வதில்லை என்று தை மாதத்தில் முடிவெடுத்தேன். அதற்கு முன்பும் ரிப்பேர் செய்யவில்லை. அது சோம்பல். இது கொள்கை.

ஜப்பானில் பதினான்கு வருடம் ஓடிவிட்டுக் கப்பலேறி ரங்கூன் வந்த கார். ஆட்டோமேடிக் கியர். ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றால்தான் வினை. சிக்னலில் எஞ்சின் ஏறும், இறங்கும், உடம்பை ஒரு முறை உலுக்கும், அணையும். சூட்டு முள்ளும் மேலே போகும். ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சின் சூடு காருக்குள் வந்து முள் இறங்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அந்த ஹீட்டரும் ஓடும்போது அனலாக ஊதும். நின்றால் வெறும் காற்று.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கால் பிரேக்கில். வலது கால் ஆக்ஸிலேட்டரில், முட்டையை மிதிப்பதுபோல. கை ஹீட்டர் குமிழில். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிற ஒரே கார் இந்த ஊரில் எங்களுடையது. அதை ஓட்ட ஒருவனால்தான் முடியும். விஷயமே அதுதான்.

ஏனென்றால் என் மனைவி கமலாட்சி காரைக் கேட்டாள். அவள் லைங் தாயாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். காலை ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ். பாதி நாள் நின்றபடிதான் போவாள். நான் பபேடானில் குழாய் சாமான் கடையில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. கார் வாரத்தில் ஆறு நாள் வாசலில் நிற்கும்.

"நான் ஓட்டப் பழகிக்கிறேனே."

"பழகலாம். இந்த வண்டி உனக்கு அடங்காது."

"ரிப்பேர் பண்ணா அடங்கும்."

"இது ரிப்பேர் இல்ல, சுபாவம். ஓடும்போது நல்லா ஓடுது. சும்மா இருக்கும்போதுதான் தொந்தரவு."

"தெரியும். பதினெட்டு வருஷமா வீட்டுல ஒருத்தரைப் பாத்துட்டிருக்கேன்."

சிரிக்காமல் சொன்னாள். நான் இறங்கி வரவில்லை. எங்கே போவது, எப்போது திரும்புவது எல்லாம் அவள்தான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் மட்டும் என்னுடையது. அதுவும் முழுசாக இல்லை. காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம்; ஊரில் வண்டிகள் போவதும் வலது பக்கம். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டும்போது எதிரே வருவது எனக்குத் தெரியாது. இடது சீட்டில் இருக்கிற கமலாட்சிக்குத் தெரியும். அவள் "போங்க" என்றால் போவேன். இருந்தாலும் ஓட்டுவது நான்.

மாசி கடைசியில் ஒரு நாள் அவள் லீவு போட்டாள். நான் கடையிலிருந்து வந்ததும் சொன்னாள்.

"சயாகிட்ட காட்டினேன்."

எங்கள் பேச்சில் டாக்டருக்குச் சயா என்று பெயர். எனக்குக் கவலையாகிவிட்டது.

"என்ன சொன்னார்?"

"தண்ணி கொறைஞ்சு போச்சாம். அதனால உள்ள காத்து அடைச்சிருக்காம்."

"நான் சொன்னா கேக்கறியா. நீ தண்ணியே குடிக்கறதில்ல."

"தொண்டையிலயும் ஒரே கரியாம்."

"ஃபேக்டரித் தூசு. மருந்து குடுத்தாரா?"

"மருந்தடிச்சுக் கழுவிட்டார். தண்ணி ஊத்திக் காத்தை வெளியேத்தினார். அரை மணி நேரம் சும்மா வச்சுப் பாத்தார். இப்ப நடுக்கம் இல்ல."

நடுக்கம் இருந்ததே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள்.

பிறகு சனிக்கிழமைகளில் சயாமாவிடம் போக ஆரம்பித்தாள். பெண் டாக்டர் என்றால் சயாமா. பெயர் நிலோஃபராம்.

"சயாமா என்ன சொல்றாங்க?"

"பயத்தை விடணுமாம். கொஞ்ச நேரமாவது வெளிய போயிட்டு வரணுமாம்."

"நல்லதுதானே."

"கழுத்துதான் வலிக்குது. பின்னால திரும்பித் திரும்பிப் பாத்து."

கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். நான் இவ்வளவு நல்ல கணவனாக இருந்தது அந்த ஐந்து வாரங்களில்தான்.

அந்த ஐந்து ஞாயிறுகளிலும் கார் சிக்னலில் வழக்கத்தைவிட அதிகமாக உறுமியது. என் கால் தேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஹீட்டர் நின்ற இடத்திலும் அனலாக ஊதியது. பங்குனி வெயில் என்று நினைத்தேன்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு. லேடான் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. பலகையில் தொண்ணூறு நொடி. இரண்டு காலையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது.

"வலது காலை எடுங்க," என்றாள் கமலாட்சி.

"எடுத்தா அணைஞ்சிடும்."

"எடுங்க."

எண்பத்திரண்டில் எடுத்தேன். உறுமல் நின்றது. அணைந்துவிட்டது என்று சாவியைத் திருப்பப் போனேன்.

"திருப்பாதீங்க. ஓடிட்டுத்தான் இருக்கு."

எஞ்சின் சுற்று காட்டும் முள் எழுநூறில் அசையாமல் நின்றது. அவள் கை நீட்டி ஹீட்டரை மூடி ஏசியைப் போட்டாள். முள் அப்போதும் அசையவில்லை.

"யாரு சரி பண்ணது?"

"சர்ஃபராஸ் சயா. தெரு முனையில ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரே. தண்ணி கொறைச்சல், தொண்டையில கரின்னு அன்னிக்கே சொன்னேனே. எஞ்சின் காத்து இழுக்கற தொண்டை."

"அது உனக்குன்னு..."

"எனக்குன்னு நான் சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. இந்த ஊரில் டாக்டர் மட்டும் சயா இல்லை. மெக்கானிக்கும் சயா. எதைக் கற்றுக்கொடுத்தாலும் சயா, சயாமா.

"தண்ணிக் குழாய் ஒண்ணு கசிஞ்சுது. சயா உங்க கடைக்கு வந்து கிளிப் வாங்கிட்டுப் போனாரே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. நல்ல கிளிப்பாகப் பார்த்து நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த நிலோஃபர்..."

"டிரைவிங் ஸ்கூல்."

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். பலகையில் முப்பத்தொன்று.

"அப்ப ஓமத் தண்ணி?"

"நல்லாத்தான் இருந்தது. நாளையிலேர்ந்து ஃபேக்டரிக்கு வண்டியை நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"நீங்களே ஓட்டுங்க. நான் வேண்டாங்கலையே."

மானத்தில் பாதி மிஞ்சியது. பச்சை விழுந்தது. வலது கால் பழைய பலத்தில் மிதித்தது. இடது கால் பழைய விசுவாசத்தில் பிரேக்கை விடவில்லை. கார் துள்ளி ஒரு முழம் போய் முக்கிக்கொண்டு நின்றது. பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒரு காலாலதான் ஓட்டணும்," என்றாள்.

"தெரியும்."

இரண்டாவது முழமும் அப்படியே போனது. அதற்குள் மறுபடியும் சிவப்பு.

சயாமாவிடம் எனக்கும் சனிக்கிழமை நேரம் கேட்டு வைத்திருக்கிறாளாம். முதல் வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள்.