தென் திக்கு

அன்று காலை குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தபடியே குத்தாலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். இன்று முதல் தனக்குத் திக்குவாய்.

பிறந்ததிலிருந்து அவர் நாக்கு ஒரு சொல்லில்கூட இடறியதில்லை. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். "தேய்ச்சுக் குளிச்சா தேகம் பொன்னாகும்" என்று அவர் சத்தம் கொடுத்தால், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு போகிறவன்கூடத் திரும்பி வந்து எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டு மறுபடி அருவிக்கு ஓடுவான். அப்பேர்ப்பட்ட வாயைத்தான் இப்போது பலி கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் பெண்டாட்டியால் வந்த வினை.

வள்ளித்தாய் மைசூர் வரை போய்ப் பேச்சு வைத்தியம் படித்தவள். பேச்சுக்கும் வைத்தியம் உண்டு என்று தென்காசியை நம்ப வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "பேசாதவளப் பேச வைக்கவா ஒரு படிப்பு? எங்க வீட்டுல பேசுதவள நிறுத்த ஏதாவது வழி உண்டுமா?" என்று ஆண்கள் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒதுக்கிய அறையில் பழைய தலையணைகளுக்குப் போக மீதியிருந்த இடத்தில்தான் அவள் உட்கார முடிந்தது. அந்த நேரத்தில்தான் கூடப் படித்தவள் ஒருத்தி எழுதினாள்: ஆஸ்திரேலியாவில் நம் படிப்புக்கு ஆள் தேவை, குடும்பத்தோடு போய்க் குடியேறலாம். வள்ளித்தாய் விண்ணப்பம் போட்டாள். அந்த ஊர்ப் பேச்சு வைத்தியர் சபையிலிருந்து பதில் வந்தது. உன் பட்டத்தை நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் பட்டம் மட்டும் போதாது. ஒரு நோயாளிக்கு நீ வைத்தியம் பார்ப்பதைக் கேசட்டில் பதிவு செய்து, அவனுக்கு என்ன கோளாறு என்று உன் கருத்தையும் எழுதி அனுப்பு.

குத்தாலிங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அங்கே இங்கிலீஷ் பேச வேண்டும். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஆயில்', 'மசாஜ்', 'ஃபிக்ஸட் ரேட்'. ஊரையே பேசி மயக்கிய மனுஷன் அங்கே போய்ப் பெண்டாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஊமையாக நிற்பதா? நினைக்கவே பயமாக இருந்தது. அதை வெளியே சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

நல்லவேளையாக, பதிவு செய்ய வள்ளித்தாய்க்கு ஆள் அகப்படவில்லை. "எம் பிள்ளைக்குத் திக்குன்னு சீமை வரைக்கும் தெரியணுமாக்கும்? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் என்றைக்காவது ஒருத்தன் அகப்பட்டுவிட்டால்? அன்று காலை அருவிக்கடியில் குத்தாலிங்கத்துக்கு மூளை குளிர்ந்து ஒரு யோசனை உதித்தது. நோயாளி நானே ஆகிவிட்டால்? வைத்தியம் ஆக ஆகத் திக்கு கூட வேண்டும். கேட்கிற வெள்ளைக்காரன், 'இவ பாத்த வைத்தியத்துல இருந்த பேச்சும் போச்சே' என்று கேசட்டைத் தூக்கி எறிவான். ஆஸ்திரேலியா தெற்குத் திக்கில் இருக்கிறது. அந்தத் திக்கை இந்தத் திக்கால் அடைத்துவிடலாம்.

ஈரத் துண்டோடு வீட்டுக்கு வந்தார்.

"வ... வ... வள்ளி. கா... கா... காப்பி."

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "என்ன, காக்கா கரையுத மாதிரி?"

"தி... தி... திக்குது."

"போகும்போது நல்லாத்தான பேசிட்டுப் போனிய?"

"அ... அருவி த... தலையில அடிச்சிட்டு."

"தலையில விழுந்த தண்ணி நாக்கையா பிடிச்சு இழுத்துச்சு?"

"சி... சின்ன வயசுல இ... இருந்துச்சு. தி... திரும்பிட்டு. நீ எ... என்னையே டேப்புல பிடிச்சு அ... அனுப்பு. எ... எல்லாம் ஒனக்காகத்தான்."

"எனக்காகவா?" வள்ளித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. தலையத் துவட்டிட்டு உக்காருங்க."

பக்கத்து வீட்டு காஜா துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். இலவசமாக வேடிக்கை பார்க்கிற வாய்ப்பை அவர் விடுவாரா?

"அண்ணாச்சி, நேத்து கடையில அந்தப் பேச்சு பேசினிய. அது யாரு?" என்றார்.

"க... க... கடை வேற, வீ... வீடு வேற."

"அது என்னமோ வாஸ்தவம்தான்," என்று காஜா பொத்தானை அமுக்கினார்.

"மூச்ச விட்டு நிதானமாச் சொல்லுங்க. பழம்," என்றாள் வள்ளித்தாய்.

"ப... ப... பளம்."

"அந்த 'ள' கோளாறு இல்ல, நம்ம ஊரு. என்கூடச் சேந்து ஒண்ணு ரெண்டு சொல்லுங்க."

அவள் பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இவர் மூன்றில் முக்கிக்கொண்டிருந்தார்.

"சரி, அருவிக்கரையில பாடுவியளே இலஞ்சி முருகன் பாட்டு, அதப் பாடுங்க."

"மு... மு... மு... முரு... மு..." என்று அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் இலஞ்சியிலிருந்து முருகனே மயிலை விரட்டிக்கொண்டு ஓடியிருப்பான். குத்தாலிங்கத்துக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வாரா வாரம் பதிவு நடந்தது. வாரா வாரம் திக்கு கூடியது. கேசட் கப்பலேறியது.

அடுத்த சாரல் பருவம் தொடங்கிய சமயத்தில் பதில் வந்தது. வள்ளித்தாய் படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"ஏங்க, என் பட்டத்த ஒத்துக்கிட்டாங்க."

"அதெப்படி ஏட்டி ஒத்துக்குவான்? கடைசி வரைக்கும் எனக்குக் கொறையவே இல்லையே! ஒரு சொல்லு விடாமத் திக்கித் தள்ளினேனே, கேட்டானா இல்லையா?"

இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது. தவளை தன் வாயால் கெட்டுவிட்டது.

வள்ளித்தாய் சிரிக்கவில்லை. "ஒரு சொல்லு விடாமத் திக்கினியள்லா, அதான் தப்பு. நெசத் திக்குக்காரனுக்குப் பாட்டுல திக்காது. கூடச் சேந்து சொன்னாலும் அநேகமா வந்துரும். நீங்க முருகனையே திக்க விட்டுட்டிய. 'இவர் என் வீட்டுக்காரர். திக்கு இல்ல, நடிக்காரு. ஊர விட்டு வரப் பயப்படுதாரு'ன்னு எழுதி அனுப்பினேன். பொய்த் திக்கக் கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லைன்னு பாராட்டியிருக்காங்க. அந்தக் கேசட்ட அங்க படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமான்னும் கேக்காங்க."

ஆக, அவருக்கு முன்னால் அவர் குரல் போய்க் குடியேறிவிட்டது. குத்தாலிங்கம் தரையைப் பார்த்தார். வள்ளித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கினார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. 'போகக் கூடாது'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இத அடுப்புல போட்டுட்டு உலை வைக்கப் போயிருதேன்."

அவள் மெய்யாகத்தான் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் கடிதத்தைக் கசங்காமல் பிடித்திருந்த அவள் கையையும் பார்த்தார். தலையணை அறை ஞாபகத்துக்கு வந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"போ... போ... போ..."

சத்தியமாக நடிக்கவில்லை. அதற்குமேல் ஒரு எழுத்து நகர மறுத்தது.

வள்ளித்தாய் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

"ஆங், இது அசல்," என்றாள். பிறகு கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "அதுக்காக மூணு தரமா 'போ'ன்னு சொல்லணும்? ஒரு தரம் சொன்னாலே போயிருவேனே. ரெண்டு பேருக்கும் பரண்லருந்து பெட்டிய எறக்குங்க."