ஐம்பது வாட் கடல்

"எந்த வெளிச்சத்துல பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்றீங்க?"

மனைவி போனில் இப்படிக் கேட்டதும் அவர் தலைக்கு மேலே தொங்கிய மஞ்சள் பல்பை நிமிர்ந்து பார்த்தார். பத்து வருஷமாக எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்தப் பல்பையும் ஒயரையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். அதன் கீழே நின்றால் அவருக்கு ஏனோ எல்லாமே நல்லபடியாக முடியும் என்று தோன்றும்.

"நம்ம பல்புதான்" என்றார்.

"மஞ்ச பல்புல பாத்தா எல்லாச் சுவரும் லட்சணமாத்தான் இருக்கும். நானே உங்களை மஞ்ச பல்புலதானே பாத்துட்டுச் சரின்னு சொன்னேன்!"



அவருக்குச் சுவர்களில் வெள்ளைப் பட்டி பார்க்கிற வேலை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பட்டி மாவைக் குழைத்துப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மேடு பள்ளம் இல்லாமல் வழவழப்பாக்கித் தர வேண்டும். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு 'மேகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அரை மணி நேரம் அப்படியே நின்றுவிடுவார் என்பதால் அந்தப் பெயர். கேட்டால், "அங்க ஒரு ஆடு படுத்திருக்கு பாருங்க" என்பார்.

இந்தக் கட்டடம் ஒரு விடுதி. இன்ஜினியர் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "மூணாவது மாடி, நடு ரூம். மாதிரிக்கு ஒரு சுவர் பாத்துக் குடுங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு சுவர் பாத்தாரு. அதை நீங்க பாக்க வேண்டாம், மனசு கஷ்டப்படும். ஆளை அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பாக்கறேன். பிடிச்சா நாற்பது ரூமும் உங்களுக்கு."

நாற்பது ரூம் என்றால் இரண்டு பேருக்கு ஒரு வருஷ வேலை. இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் மேகத்தின் உயிரே இருந்தது. மனைவியும் பட்டி பார்ப்பவள்தான், அவரைவிடக் கெட்டிக்காரி. வேறொரு ஊரில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை. மூன்று வருஷமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பேசிக்கொள்வதுதான் அவர்கள் குடித்தனம். இந்தச் சுவர் தேறினால் அவள் இங்கே வந்துவிடலாம். சாரத்தின் மேலே நின்று அவர் பாதிச் சுவர், கீழே நின்று அவள் பாதிச் சுவர். ஒரே டப்பாவில் சாப்பாடு. இதை நினைத்துக்கொண்டே பூசியதால் திங்கட்கிழமை அந்தச் சுவர் அவர் கையில் பாலாடை மாதிரி வந்திருந்தது.

"நல்ல எல்இடி வேலை விளக்கா ஒண்ணு வாங்கி வெச்சுப் பாத்துடுங்க. கோட்டை விட்டுடாதீங்க" என்றாள் மனைவி.

மேகம் பேசிக்கொண்டே படியிறங்கி, பேசிக்கொண்டே தெருவைக் கடந்து, விளக்குக் கடை வாசலில்தான் போனை வைத்தார். கடை பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் போனார்.

கடைக்காரர் கோயில் சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "என்ன வேலைக்கு?"

"சுவர் பாக்க."

"இது ஐம்பது வாட். நாலாயிரத்து ஐந்நூறு லுமென் வெளிச்சம். தூசியும் போகாது, தண்ணியும் போகாது. கீழ விழுந்தாலும் உடையாது. மடக்கு ஸ்டாண்டு, அஞ்சு மீட்டர் ஒயர்."

"மஞ்சளா எரியுமா?"

"வெள்ளை. பகல் வெளிச்சம் மாதிரி."

"எந்த நேரத்துப் பகல்?"

இருபது வருஷமாக விளக்கு விற்கிற அந்த மனிதரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடி யோசித்தார். "காலையில பதினொரு மணி இருக்கும்" என்றார் மெதுவாக.

மேகத்துக்கு அது பிடித்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதன் மேல் அச்சடித்திருந்த விளக்கின் படத்தைப் பார்த்தபடியே படியேறினார். கட்டடத்தில் இன்னும் கைப்பிடியும் இல்லை, மாடி எண்ணும் இல்லை. எல்லா மாடியும் ஒரே சாம்பல் நிறம், ஒரே சிமெண்ட் வாசனை. நடு ரூமுக்குள் நுழைந்து, மூலையில் கிடந்த பட்டி வாளிக்கும் தகட்டுக்கும் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்.

மஞ்சள் பல்பைக் காணோம்.

"எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்" என்று முணுமுணுத்தார். பத்து வருஷத் துணை ஆயிற்றே. ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்து ஆறுதல் தேடிக்கொண்டார். அந்த மரத்தில் ஒரு காக்கைக்கூடு உண்டு. நேற்று அதைக் குனிந்து பார்த்த ஞாபகம். இன்றைக்கு அது முகத்துக்கு நேராக இருந்தது.

மத்தியானம் மனைவி கூப்பிட்டபோது அதைத்தான் முதலில் சொன்னார். "இந்த ஊர் மரமெல்லாம் வேகமா வளருது தெரியுமா?"

"மரம் கிடக்கட்டும். விளக்கு போட்டீங்களா?"

"சுவருக்கு எதிர்ல வெச்சேன். சுவர் வெள்ளை வெளேர்னு என்னையே முறைக்குது. ஒண்ணும் தெரியல."

"எதிர்ல வெச்சா எப்படித் தெரியும்? சுவரை ஒட்டினாப்ல பக்கவாட்டுல வைங்க. மேடு பள்ளம் இருந்தா நிழல் விழும்."

விளக்கை நகர்த்தி வைத்து, சுவிட்சைப் போட்டார்.

சுவரில் கடல் தெரிந்தது.

அலை அலையாக ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் நிழல்கள் உருண்டு கிடந்தன. நடுவில் ஒரு மணல் திட்டு. கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் படகு. மேகம் ஒரு நிமிஷம் உலகத்தையே மறந்து நின்றார். அப்புறம்தான், அது தான் பார்த்த பட்டி என்பது நினைவுக்கு வந்தது.

"என்னங்க, என்ன தெரியுது?"

"நேத்து தடவினப்ப பாலாடை மாதிரி இருந்துச்சுடி. இன்னைக்கு அலை அடிக்குது."

"விளக்கு பொய் சொல்லாதுங்க" என்றாள் மனைவி. "தேய்ங்க."

தேய்த்தார். மாலை வரைக்கும் தேய்த்து, பள்ளத்தில் பட்டி நிரப்பி, அலைகளை ஒவ்வொன்றாக அடக்கினார். போவதற்கு முன்னால், சும்மா பார்க்கலாமே என்று விளக்கைத் தூக்கி வலது பக்கம் வைத்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கடலே இல்லை, மலைத்தொடர்!

புதன்கிழமை காலையில் மேகம் மாடிகளை எண்ணவே இல்லை. விளக்கு எங்கே நின்றதோ அந்த ரூமுக்குள் போனார். இடது பக்க வெளிச்சத்தில் சரிசெய்தால் வலது பக்கத்தில் கெட்டது. வலது பக்கம் சரிசெய்தால் இடது பக்கம் கடல் திரும்பி வந்தது. பொறுக்க முடியாமல் கடைக்கு ஓடினார்.

"இன்னொரு பதினொரு மணி குடுங்க."

கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு எரிந்ததும் சுவர் கண்ணாடி போல ஆகிவிட்டது. ஒரு நிழல் இல்லை. மேகம் கைதட்டியே விட்டார். சந்தோஷத்தில் ஒரு விளக்கை அணைத்தார். மலைகள் அப்படியே எழுந்து நின்றன.

"ஒரு பக்கத்து நிழலை இன்னொரு பக்கம் அழிச்சிடுச்சு, அவ்வளவுதான்" என்று போனில் விளக்கினாள் மனைவி. "இன்ஜினியர் ரெண்டு விளக்கோடவா வருவாரு?"

வியாழக்கிழமை மூன்றாவது விளக்கு வந்தது. சார்ஜ் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளும் சின்ன விளக்கு, பின்னால் காந்தம் வேறு. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு அகலமாக வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கையில் காந்த விளக்கும் மறு கையில் இரும்புப் பட்டித் தகடுமாக நின்ற மேகம், சுவரில் ஒரு பறவையைப் பார்த்துக் கொஞ்சம் லயித்துவிட்டார். விளக்கு தகட்டைக் கவ்வியது. பிடுங்கிய வேகத்தில் தகடு சுவரில் இறங்கி, நட்டநடுவில் ஒரு முழப் பிறை நிலாவைச் செதுக்கிவிட்டது.

"நிலா வந்துடுச்சு" என்றார் போனில், ஈனக்குரலில்.

மனைவி சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம்தானே வர்றாரு? பொறுமையாப் பாருங்க. உங்க கை நல்ல கைங்க. அது எனக்குத் தெரியும்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மேகம் வெள்ளிக்கிழமை விடியலில் வந்து உட்கார்ந்தார். நிலாவை மூடினார். மலைகளைக் கரைத்தார். தூசி மூன்று விளக்கு வெளிச்சத்திலும் மினுமினுத்து இறங்கிக்கொண்டிருந்தது. வானத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வது போல அவருக்கு இருந்தது. கடைசியாகக் கீழ் ஓரத்தில் அந்தச் சின்னப் படகு மட்டும் மிச்சம். அதை அழிக்க மனசே வரவில்லை. அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆனாலும் நாற்பது ரூம் ஆயிற்றே. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார்.

பதினொன்றரை மணிக்கு எந்த விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் சுவர் வெறும் சுவராக இருந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக மேகம் முதுகை நிமிர்த்தினார்.

மத்தியானம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஜினியரின் குரல். மேகம் சட்டையைத் தட்டிவிட்டு, மூன்று விளக்கையும் ஏற்றிவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

செருப்புச் சத்தம் வந்தது. வாசலைத் தாண்டியது. மேலே போய்விட்டது.

'மொட்டை மாடித் தொட்டியைப் பாத்துட்டு வருவாரு' என்று நினைத்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துச் சத்தம் இறங்கி வந்தது. மறுபடியும் வாசலைத் தாண்டியது. கீழே போயே போய்விட்டது.

மேகம் பட்டி வாளியின் மேல் உட்கார்ந்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

"வந்தாரு. ரெண்டு தடவை வாசலைத் தாண்டிப் போனாரு. உள்ள எட்டிக்கூடப் பாக்கல."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"என்னன்னு கூப்பிடறது? இவ்வளவு வெளிச்சம் வாசல் வரைக்கும் அடிக்குது. போற போக்குல பாத்திருப்பாரு. பிடிக்கல."

அந்தப் பக்கம் மனைவி மூக்கை உறிஞ்சினாள். "நான்தான் விளக்கு விளக்குன்னு உங்களைப் படுத்திட்டேன். விடுங்க. மத்தியானத்துல பேசிக்கிறதுக்குப் போன் இருக்கில்ல?"

மேகத்துக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. மூன்று விளக்கையும் பெட்டியில் வைக்கலாம் என்று எழுந்தபோது, தோளில் சுத்தியலும் கையில் உளியுமாக ஒரு டைல்ஸ்காரர் உள்ளே வந்தார்.

"அட, வெளிச்சமெல்லாம் போட்டு ரெடியா வெச்சிருக்கீங்களே! கொஞ்சம் தள்ளுங்க" என்று உளியைச் சுவரின் நட்டநடுவில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். பட்டி ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.

"ஐயோ, என் சுவரு!" என்று அலறினார் மேகம். "என்னங்க? என்னாச்சுங்க?" என்று போனுக்குள்ளிருந்து மனைவியும் அலறினாள்.

டைல்ஸ்காரர் சுத்தியலை இறக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இது இன்ஜினியர் போன மாசம் துரத்திவிட்ட ஆளு பாத்த சுவருங்க, கொத்திட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லியிருக்காரு, இது ரெண்டாவது மாடி, நாலு நாளா மேல ஒரு மஞ்ச பல்பு அணையாம எரிஞ்சுட்டு இருக்கே, அந்த ரூமுச் சுவரைத் தடவிப் பாத்துட்டு நாற்பது ரூமும் அந்த ஆளுக்குத்தான்னு சொல்லி, ஆளைக் காணோமேன்னு இப்ப கீழ தேடிட்டிருக்காரே, அது நீங்கதானா?"