மைதானத்தில் ஒரு முஸியூ அமபா

உத்தியோகத்திலிருந்து ஒரு மனிதனுக்கு ஓய்வு கொடுக்கலாம். அவனுடைய உத்தியோக மிடுக்குக்கு ஓய்வு கொடுக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. இலங்கையில் நான் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவன். திருவிழாக் காலங்களில் தொலைந்துபோகும் பிள்ளைகளை மேசையில் இருத்தி, பிஸ்கட் கொடுத்து, பெற்றோரிடம் ஒப்படைத்தவன். தொண்ணூறுகளின் நடுவில் மகள் வசந்தி ஸ்பொன்சர் செய்து கனடாவின் மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது, ஒரு சூட்கேசும் இந்த மிடுக்கும்தான் என் கையில் இருந்தன. (அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. இளமைத் திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் லூக் என்றொரு பிரெஞ்சு பேசும் கியூபெக் பையன் குடியிருந்தான். பல்கலைக்கழக மாணவன். கதவுக்குள் குனிந்துதான் நுழைவான். படியில் எங்கள் அரிசி மூட்டையைக் கண்டால் சோற்றுப் பொட்டலம் போல ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எனக்கு மெல்லிய குரலில் ஒரு 'பொன்ஜூர்' சொல்லிவிட்டுப் போவான். அவன் பல்கலைக்கழக அணியில் ஃபுட்போல் ஆடுகிறவன். ஒரு ஒக்டோபர் மாதம், சனிக்கிழமை ஆட்டத்துக்கென்று என் பேத்தி மயூரியிடம் இரண்டு டிக்கெட் கொடுத்தான். எட்டு வயது மயூரிக்கு அவன் பிள்ளையாருக்கு அடுத்தபடி.

வசந்திக்கும் மருமகனுக்கும் அன்று வேலை.

"அப்பா, நீங்கள் தனியக் கூட்டிக்கொண்டு போவியளோ? சனம் கனக்க வரும்," என்று வசந்தி இழுத்தாள்.

"தேர்த் திருவிழாச் சனத்தையே ரயிலில ஏத்தி அனுப்பினவன் நான்," என்றேன்.

பஸ்ஸில் மயூரி எனக்கு ஆட்டத்தை விளக்கினாள். பந்து முட்டை வடிவமாம். காலால் உதைப்பதைவிடக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகமாம். நான் பதிலுக்கு என் பாடத்தை நடத்தினேன்.

"துலைஞ்சு போனால் என்ன செய்யவேணும்?"

"அழக்கூடாது. யூனிஃபோம் போட்ட ஆளிட்டப் போகவேணும். பேரும் உடுப்பின்ர நிறமும் சொல்லவேணும்."

"கெட்டிக்காரி," என்றேன்.

மலைச்சரிவில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்க, கீழே மைதானம். முதலில் எனக்குக் கலவரமாகத்தான் பட்டது. ஒருவன் பந்தை எடுத்ததும் நாலு பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலின் அடியிலிருந்து லூக் எழுந்தான். எங்கள் லூக்தான். புல்லைத் தட்டிவிட்டு, தன்னை விழுத்தியவனுக்கே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றான். இத்தனை அடி வாங்கியும் கோபப்படாத ஒரு மனிதனை நான் ரயில்வேயில் கண்டதில்லை. அரை மணித்தியாலத்தில் நான் அந்த ஆட்டத்தின் பக்தனாகிவிட்டேன்.

இடைவேளையில் மயூரிக்கு ஹொட் சொக்கலேட் வேண்டியிருந்தது.

"இதிலேயே இரு குஞ்சு. ஒரு அடி அசையக்கூடாது," என்று கட்டளையிட்டுவிட்டுப் போனேன்.

வரிசை நீளம். இரண்டு கப்போடு நான் திரும்பும்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. ஏறிய படியில் ஒரே நெரிசல். நாலைந்து வரிசைக்குக் கீழே மயூரியின் ரோஸ் நிறத் தொப்பி தெரிந்தது. பிள்ளை சொன்ன சொல் கேட்டு அசையாமல் இருக்கிறாள் என்று மனம் குளிர்ந்து, கம்பிக்கருகில் நின்றே ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். லூக் அப்போது பறந்துகொண்டிருந்தான். நான் என் சொக்கலேட்டைக் குடித்தேன். ஆறிவிடுமே என்று அவளுடையதையும் குடித்தேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கி பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அதில் எனக்குப் பிடிபட்டது 'முஸியூ அமபா' என்பது மட்டும். முஸியூ என்றால் ஐயா. புதிதாக இறங்கும் ஆட்டக்காரன் போலிருக்கிறது, அவனையும் ஐயா போட்டு அழைக்கிறார்களே, என்ன பண்பாடு என்று வியந்தேன். பெயரும் எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருந்தது. சனம் சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முஸியூ அமபா. இந்த முறை கூட்டம் "அமபா, அமபா" என்று தாளம் போட்டது. அவ்வளவு புகழ் பெற்ற வீரன் இன்னும் இறங்கவில்லையே என்ற ஆதங்கத்தில் நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், காதை மூடிய என் மண்ணிறக் குல்லாயைப் பார்த்தாள். நான் கைகளை மடித்துவிட்டுப் போட்டிருந்த மருமகனின் செம்மஞ்சள் ஜக்கெட்டைப் பார்த்தாள். பிறகு என் மீசையைப் பார்த்தாள்.

"முஸியூ, அமபா நீங்களா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"நோ, நோ," என்றேன் பணிவுடன். "ஐ ஆம் நொட் பிளேயர்."

அவள் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. மைதானம் முழுவதும் தமிழ் ஒலித்தது.

"அம்மப்பா, நான் மயூரி கதைக்கிறன். நீங்கள் துலைஞ்சு போனியள். பயப்பிடாதேங்கோ. நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ. ஆக்கள் வருகினம்."

கீழே இருந்த ரோஸ் தொப்பி திரும்பியது. முகமெல்லாம் புள்ளி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. நான் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில், எதிரணியின் சனத்துக்கு நடுவில், இவ்வளவு நேரமும் யாரோ பெற்ற பிள்ளைக்குக் காவல் நின்றிருக்கிறேன். என் பிள்ளை தனியாக இருந்திருக்கிறாள். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

யூனிஃபோம் போட்ட இருவர் வந்து, ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து, புல்வெளி ஓரமாக என்னை நடத்திப் போனார்கள். இரண்டு பக்கச் சனமும் எழுந்து நின்று தட்டியது. லூக் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். (முப்பது வருட ரயில்வே சேவைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும்.)

அறிவிப்பாளரின் அறையில் மயூரி ஒரு கதிரையில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் அப்பாவான அப்பப்பாவும் ஊரில் இருப்பதால், அம்மாவின் அப்பாவான எனக்கு அவள் வைத்த பெயர் அம்மப்பா. யூனிஃபோம் போட்ட ஆளிடம் போய் அதைத்தான் என் பெயராகச் சொல்லி, என் உடுப்பின் நிறத்தையும் சொல்லியிருக்கிறாள். அழைத்தும் ஆள் வராததால், தமிழில் சொன்னால் விளங்கும் என்று மைக்கை அவளே கேட்டு வாங்கினாளாம்.

அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அழுதனியோ குஞ்சு?"

"இல்லை. நீங்கள்தான் அழுவியள் எண்டு நினைச்சன்," என்று என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு என் வெறும் கைகளைப் பார்த்தாள். "என்ர ஹொட் சொக்கலேட் எங்க?"

அன்று பின்னேரம் வசந்தி கதவைத் திறந்ததும் "ஆர் வெண்டது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த அணி வென்றதென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமைக்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுவதும் எனக்குப் பெயர் மாறிவிட்டது. மூலையில் தெப்பனேர் என்னும் சில்லறைக் கடை வைத்திருந்தவர் பால் பெட்டியை நீட்டும்போதும் முஸியூ அமபா. கோயிலில் அர்ச்சனைக்கு வசந்தி பெயர் சொல்லும்போது, என் முறை வந்தால் ஐயரே ஒரு கணம் தடுமாறுவார்.

மயூரிக்குச் சில வருடங்களுக்கு முன் கலியாணம் நடந்தது. பெரியவர்கள் ஆசீர்வதிக்கும் நேரத்தில் என் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். தலை நரைத்துக் கொஞ்சம் தொந்தியும் போட்டிருந்த லூக், மண்டபத்தின் பின்வரிசையில் எழுந்து, "அமபா, அமபா" என்று தட்டத் தொடங்கினான். மணவறையில் மயூரி மாலையோடு சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டாள். இது என்ன புதுச் சடங்கு என்று தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரும் பக்தியோடு தட்டினார்கள். நானும் நின்ற இடத்திலேயே நின்று நன்றாகத் தட்டினேன். இந்த முறை ஆள் யாரென்று தெரிந்துதான்.