பச்சை பஸ்

யாரோ தன் கையில் மைக்கைத் திணித்த பிறகுதான், ஏறியிருப்பது வேறு பஸ் என்பது தூலிக்கு உறுதியாயிற்று.

சந்தேகம் ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்திருந்தது. அவள் பதுவாவில் ஏறிய பஸ்ஸில் இருக்கை பலகை மாதிரி இருந்தது. இதில் மெத்தை. அதில் எல்லோரும் மாணவர்கள். இதில் எழுபது வயதுக்குக் குறைந்த முகம் ஒன்றுகூட இல்லை. நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பியவளை, பச்சை பஸ்ஸின் வாசலில் நின்ற ஓர் அம்மாள் கையை ஆட்டி, "சீக்கிரம் வா கண்ணு, உனக்காகத்தான் நிக்கிறோம்!" என்று கூப்பிட்டாள். தாமதமாக்கிவிட்டோமே என்ற வெட்கத்தில் தூலி ஓடி வந்து ஏறிவிட்டாள். பக்கத்தில் இன்னொரு பச்சை பஸ் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

பின்லாந்திலிருந்து இத்தாலியின் பதுவாவுக்குப் படிக்க வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இத்தாலிய மொழியில் இலக்கணப் பிழை இல்லாமல் எழுதுவாள். பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பாள். தேர்வுக்கு முன் மிச்சமிருந்த ஒரே வார இறுதியில் த்ரியஸ்தேக்குப் போய்க் கடலைப் பார்ப்பது என்று முடிவு செய்து, இருப்பதிலேயே மலிவான பஸ், எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில், பையில் அவித்த முட்டை, பை கொள்ளாததால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் என்று கிளம்பியிருந்தாள். அந்தப் பையை யாரையும் நம்பி விடாமல் கழிப்பறைக்கும் தூக்கிப் போனது மட்டும்தான் அன்று அவள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

"பேசும்மா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்றார் மைக்கைக் கொடுத்தவர். வால்தோர்னா ஓய்வுபெற்றோர் சங்கத் தலைவர் எர்மேத்தே. ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது.

"ஐயா, நான் வந்து... தப்பா..."

"சத்தமா! பின்னாடி பாதிப் பேருக்குக் காது கேக்காது!"

"எனக்கு உங்க ஊரைப் பத்தியும் தெரியாது, நீங்க போற ஊரைப் பத்தியும் ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினாள் தூலி.

பஸ் முழுக்கச் சிரிப்பு, கைத்தட்டல்.

"என்ன அடக்கம் பாத்தியா!" என்றாள் அவளைக் கூப்பிட்டு ஏற்றிய அம்மாள். அவள் பெயர் பிரிஜிதா. நாற்பது வருடம் மாடு வளர்த்துப் பால் வியாபாரம் செய்தவள். "கைடுன்னா இப்படி இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணு நாங்க வெளிய வரோம். நீ நல்லபடியா சுத்திக் காட்டிடு."

இதைக் கேட்டதும் தூலி பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். முப்பத்தொரு பேரும் தலை வாரி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுடைய ஒரு நாளை எப்படிக் கெடுப்பது? ஊர் வந்ததும் விவரம் தெரிந்த யாரையாவது பிடித்து ஒப்படைத்துவிட்டு நழுவிவிடலாம் என்று நினைத்தாள்.

பஸ் போய்ச் சேர்ந்த ரோக்காஸ்பீனா மலைமேல் இருந்த சின்ன ஊர். தேவாலயம் பூட்டியிருந்தது. தெருவில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. சதுக்கத்தின் நடுவில், குதிரைமேல் மூக்கு உடைந்த ஒரு கல் மனிதர் உட்கார்ந்திருந்தார். பெயர்ப்பலகை கிடையாது.

"இவர் யாரும்மா?" என்றார் எர்மேத்தே.

தூலிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நீங்க யாருன்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டாள்.

அதுதான் வினையாயிற்று.

"பார்த்தாலே தெரியலையா, தளபதி!" என்றார் எர்மேத்தே.

"தளபதிக்கு இவ்வளவு சாந்தமான முகம் எங்கயாவது இருக்குமா? இவர் துறவி" என்றாள் பிரிஜிதா.

"துறவி எதுக்கு குதிரைல போறாரு?"

"உங்களை மாதிரி ரயில்ல ஓசியில போக முடியாதில்ல, அதான்!"

சங்கம் இரண்டாகப் பிளந்தது. கைத்தடிகள் உயர்ந்தன. தூலி நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் சொல்றது சரிதான்! முதல்ல தளபதியா இருந்தாரு. அப்புறம் மனசு மாறித் துறவி ஆயிட்டாரு!" என்றாள்.

மாடி ஜன்னல் ஒன்று படீரென்று திறந்தது.

"யாரது, எங்க ஊர் மாட்டு டாக்டரைத் துறவி ஆக்கறது?"

சமையல் அங்கியும் வீட்டுச் செருப்புமாக இறங்கி வந்தார் ஜேனோ. சதுக்கத்து உணவுக்கடைக்காரர். முகம் சிவந்திருந்தது, தொண்டை கட்டியிருந்ததால் கோபம்கூடக் கரகரவென்றுதான் வந்தது. முப்பத்தொரு பேரும் தூலியைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. ஓடவில்லை.

"நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. எனக்கு நிஜமாவே தெரியாது" என்றாள். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தொண்டை சரியில்ல, இவங்களுக்குக் காது சரியில்ல. நீங்க சொல்றதை நான் சத்தமா சொல்றேன்."

ஜேனோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

முன்னொரு குளிர்காலத்தில் மலை முழுக்க மாடுகளுக்கு நோய் கண்டது. பனியில் பாதை மூடிவிட்டது. இந்த டாக்டர் ஒரு கிழட்டுக் குதிரையில் ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாக நாற்பது நாள் அலைந்தார். குதிரை செத்த பிறகு நடந்தார். வசந்தம் வந்தபோது மாடுகள் எழுந்து நின்றன. அவருக்குத்தான் பனியில் விறைத்துக் கால்விரல்கள் மூன்று போயிருந்தன. சிலை வைக்கலாம் என்று ஊர் கூடியபோது, "எனக்கு வேண்டாம், குதிரைக்கு வையுங்க" என்றாராம். ஊர் இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தது.

ஜேனோவின் ஒவ்வொரு வரியையும் தூலி வாங்கி, சதுக்கத்தின் கடைசி வரை எட்டும்படி முழங்கினாள். ஐந்து மாதம் யாரோடும் உரக்கப் பேசியிராத அந்தக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ! இலக்கணம் அங்கங்கே உடைந்தது, அவள் நிறுத்தவில்லை. பிரிஜிதா சிலைக்கு அருகே போய்க் குதிரையின் கல் குளம்பைத் தொட்டு முத்தமிட்டாள். எர்மேத்தே தொப்பியைக் கழற்றினார்.

ஆனால் அந்தக் குரல் கேட்டு, அடுத்த தெருவில் இறங்கியிருந்த வேறொரு சுற்றுலாக் கூட்டமும் வந்து சேர்ந்துகொண்டது. ஐம்பது பேர், அறுபது பேர் ஆனார்கள். அந்தக் கூட்டத்தை இழந்த கைடு, சிவப்புக் குடையோடு பின்னாலேயே வந்தாள்.

"லைசென்ஸ் எங்க?"

"என்ன லைசென்ஸ்?"

"கைடு லைசென்ஸ்! அது இல்லாம ஆளுங்களைக் கூட்டிட்டுச் சுத்தறதுக்கு என்ன அபராதம் தெரியுமா?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. தூலி சிலையின் பீடத்தில் ஏறினாள்.

"நான் கைடு இல்ல! மாணவி. தப்பான பஸ்ல ஏறிட்டேன். காலையிலேயே சொல்லியிருக்கணும். உங்களோட ஒரு நாளைக் கெடுக்க மனசு வரல. மன்னிச்சிடுங்க!"

சங்கத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ச்சியில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்தாள் தூலி.

எர்மேத்தே குடைக்காரியிடம் வந்தார். "இவ கைடு இல்லம்மா. எங்க சங்கத்து உறுப்பினர். சும்மா எங்களோட பேசிட்டிருந்தா."

"ஓய்வுபெற்றோர் சங்கத்துலயா? இந்த வயசுலயா?"

"ஓய்வெல்லாம் சின்ன வயசுலயே பழகிக்கணும்."

சங்கமே சிரித்தது. சிவப்புக் குடை முணுமுணுத்தபடி திரும்பிப் போயிற்று.

ஜேனோ எல்லோரையும் தன் கடைக்கு இழுத்துப் போய், சோளக்களியும் காளானும் வைத்தார். தூலியின் தட்டு காலியாகவே இல்லை. இந்தப் பக்கம் பிரிஜிதா வைத்தாள், அந்தப் பக்கம் எர்மேத்தே வைத்தார். அவள் த்ரியஸ்தேக்குக் கிளம்பியவள் என்று தெரிந்ததும், "அப்ப கடல் வழியாத் திரும்பறோம்" என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு ஒன்றும் இல்லை.

பொழுது சாயும்போது பஸ் கடற்கரைச் சாலையில் நின்றது. முப்பத்தொரு பேரும் கன்னத்தில் முத்தம் கொடுத்து முடிக்க நேரமாயிற்று. தூலிக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டிய நாந்தோ, அவளுடைய பையை இறக்கிக் கொடுத்தார்.

"ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நிஜமான கைடு பாவம், அந்தப் பெட்ரோல் பங்க்ல எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ" என்றாள் தூலி.

நாந்தோ உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கைடும்மா? பன்னெண்டு வருஷமா வண்டி ஓட்டறேன், இந்தச் சங்கம் கைடு வச்சதே இல்ல. வருஷா வருஷம் மாணவருங்க வர்ற பஸ்ஸை ஒட்டி நிறுத்தச் சொல்லிட்டு, பிரிஜிதா அம்மா வாசல்ல நின்னு கையை ஆட்டுவாங்க."