கவ்வாத்துமலைக் கடற்கரை

ஊவா மாகாணத்துக்குக் கடல் கிடையாது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை யாரும் பணிப்பாளராக நியமிப்பதில்லை.

அந்த மாகாணத்துத் தலைநகரான பதுளையில், பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 'மாவட்டச் சூறாவளி முன்னாயத்த ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று மூன்று மொழியிலும் பலகை மாட்டிய ஓர் அலுவலகம் இருந்தது. பலகையின் தமிழ் வரி நிரஞ்சலாவுடையது. அங்கே அவள்தான் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, பதுளையில் படித்து, பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வந்தவள். மக்கள் தமிழில் எழுதும் கடிதங்களைச் சிங்களத்தில் ஆக்க வேண்டும். 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்ற பதிலைத் தமிழில் ஆக்க வேண்டும். இரண்டாவது வேலை ஓயாமல் வந்ததால், அதற்கு மட்டும் ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தாள்.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து சுற்றுநிருபம் வந்தது. வங்காள விரிகுடாவில் ஒரு சூறாவளி உருவாகிறது. சனிக்கிழமை நாட்டைத் தொடும். ஒவ்வொரு மாவட்டமும் வியாழன் மாலை நாலு மணிக்குள் கணினிப் படிவத்தை நிரப்ப வேண்டும். பதினாலாம் கேள்வி இது: 'தங்கள் மாவட்டத்தில் சூறாவளி முதலில் கரை கடக்கும் இடம். கட்டாயம் நிரப்புக.'

நிரஞ்சலா 'பொருந்தாது' என்று அடித்தாள். கணினி சிவப்பெழுத்தில் பதில் சொன்னது: 'செல்லுபடியாகாத கரை.'

பணிப்பாளர் றவூப் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினாராம்: இருபத்தைந்து மாவட்டத்துக்கும் ஒரே படிவம்தான், கடல் இல்லை என்பதற்காக ஒரு மாவட்டத்தை ஒதுக்கிவைத்தால் அது பாகுபாடு, இந்த அரசாங்கத்தில் பாகுபாட்டுக்கு இடமில்லை.

"நமக்குக் கரையே இல்ல சேர்" என்றாள் நிரஞ்சலா.

"கரை இல்லாத எடம் உண்டா பிள்ள? ஆத்துக்குக் கரை இருக்கு. குளத்துக்குக் கரை இருக்கு. நீங்க கட்டியிருக்கிற சாரிக்கே கரை இருக்கு. ஒரு மாவட்டத்துக்கு இல்லாமப் போகுமா? தேடணும். தேடாம இல்லன்னு சொல்றது சோம்பல்."

தேடுவதற்காகக் 'கரை நிர்ணயக் குழு' அமைக்கப்பட்டது. புதன்கிழமை அது கூடியது. ஒருவர் பெரிய ஹோட்டல் ஒன்றின் நீச்சல் தடாகத்தை முன்மொழிந்தார். அது தனியார் கரை என்பதால் நிராகரிக்கப்பட்டது. அப்புத்தளையிலிருந்து வந்திருந்த அதிகாரி எழுந்து நின்றார்.

"எங்க ஊருலருந்து பார்த்தா தெற்குக் கடலே தெரியும். கடலுக்குத் தெரியிற எடத்துக்குத்தான் சூறாவளி முதல்ல வரும்."

"இப்ப தெரியுதா?" என்று கேட்டார் றவூப்.

"இப்ப பனி மூடியிருக்கு சேர்."

"அப்ப சூறாவளிக்கும் நீங்க தெரிய மாட்டீங்க. உட்காருங்க."

நிரஞ்சலா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, தன் மேசை இழுப்பறையில் இருந்த ஏழு கடிதங்களை நினைத்தாள். ஏழும் கவ்வாத்துமலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து வந்தவை. எழுதியவள் இராக்கம்மா, கொழுந்து பறிக்கிறவள், அங்கே மாதர் சங்கத் தலைவி. ஆறாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. முதல் கடிதத்தில் அந்த வெடிப்புக்குள் ஒரு நெருப்புக்குச்சி போனது. மூன்றாம் கடிதத்தில் கை போனது. ஏழாம் கடிதத்தில் ஒரு கோழி போய்விட்டது, எடுக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் நிரஞ்சலா மொழிபெயர்த்து மண்சரிவைப் பார்க்கும் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள். அங்கிருந்து தெளிவான பதில் வந்தது: 'வெடிப்பு என்பது சரிவு ஆகாது. சரிந்த பின்னர் உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும்.'

அந்த லயத்துக்குக் கீழே, பழைய தேயிலை ஆலைக்கு வெட்டிய ஒரு குட்டை கிடந்தது. நிரஞ்சலா சுற்றுநிருபத்தின் பின்னிணைப்பைப் புரட்டினாள். 'கரை கடக்கும் இடத்திலிருந்து முந்நூறு மீற்றருக்குள் வசிப்போர் அனைவரும் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு முன்னர் கட்டாயம் வெளியேற்றப்பட வேண்டும்.' மூன்று தரம் வாசித்தாள். கையை உயர்த்தினாள்.

"சேர், கவ்வாத்துமலைல ஒரு கரை இருக்கு."

"ஜீப் போகுமா?"

"குட்டை வரைக்கும் போகும்."

"போட்டோவுக்கு எடம் எப்பிடி?"

"அல்லிப் பூ பூத்திருக்கு சேர்."

குழு ஏகமனதாக அங்கீகரித்தது. வியாழன் மாலை நாலு மணிக்கு நிரஞ்சலா படிவத்தை அனுப்பினாள். பச்சை எழுத்தில் வந்தது: 'வாழ்த்துகள்! தங்கள் சூறாவளி பதிவு செய்யப்பட்டது.'

வெள்ளிக்கிழமை காலை மூன்று ஜீப்புகள் கவ்வாத்துமலைக்கு ஏறின. அந்த வருஷம் செம்மஞ்சள் நிற மீட்பு ஜாக்கெட் போடாத அதிகாரியை யாரும் அதிகாரியாகவே மதிக்கவில்லை. கல்யாண வீட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். றவூப் தன்னுடையதை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். குட்டைக்கரையில் 'கடலில் குளிப்பது தடை' என்று பலகை நடப்பட்டது. கொழும்பிலிருந்து அனுப்பிய மீட்புப் படகு லொறியில் வந்து, மூன்றாவது வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. அதனால் மேலே போகும் பஸ்ஸும் நின்றது.

அடுத்த படிவம் மீனவர் கணக்கு. பூச்சியம் என்று அடித்தால் கணினி ஏற்கவில்லை. குட்டையோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பொன்னையா என்பவரை றவூப்பே கண்டுபிடித்தார்.

"நீங்க மீனவரா?"

"இல்லீங்க. ரிட்டயரான ஆளு. பொழுது போகலீங்க."

"மீன் படுதா?"

"ஒரு தடவை பட்டுச்சுங்க."

"மீனவர் ஒன்று" என்றார் றவூப். நிரஞ்சலா எழுதிக்கொண்டாள்.

ஆறாம் நம்பர் லயத்து வாசலில் இராக்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னால் இருபத்திரண்டு குடும்பம்.

"மலை வெடிச்சிருக்குன்னு ஏழு கடுதாசி போட்டோம் மிஸ். நீங்க கடல் வருதுன்னு வந்து நிக்கிறீங்க."

"அக்கா, சாமான் கட்டுங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

"கடல் எங்க இருக்கு?"

"அந்தக் குட்டைதான்."

"அது மாடு தண்ணி குடிக்கிற குட்டை மிஸ்!"

"நேத்து நாலு மணி வரைக்கும் குட்டை. இப்ப கடல்." நிரஞ்சலா குரலைத் தாழ்த்தினாள். "மலைக்காக உங்கள எழுப்ப எனக்குச் சட்டம் இல்லக்கா. கடலுக்காக எழுப்பலாம். தயவுசெஞ்சு கெளம்புங்க."

இராக்கம்மா குட்டையைப் பார்த்தாள். தலையைத் திருப்பி மலையைப் பார்த்தாள். பிறகு நிரஞ்சலாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல பெரட்டுக்குப் போயி வேலைக்கு நிக்கலன்னா பேரு வெட்டிருவாங்களே?"

"கடலோரத்துல பெரட்டு கெடையாது."

இராக்கம்மா லயத்தின் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்: "ஏய், கடல் வருதாம்! பிள்ளைகளத் தூக்குங்கடி!"

பாதிக் குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது றவூப்பின் கைபேசி அடித்தது. பேசி முடித்தவர் வியர்த்துப்போனார். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் கோபமாக இருக்கிறாராம். அவருக்கு வாக்களிக்கும் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு தூறல்கூட ஒதுக்காமல், எதிர்க்கட்சித் தோட்டத்துக்கு முழுச் சூறாவளியையும் கொடுத்தது யார் என்று கேட்கிறாராம்.

"கரையை மாத்துங்க பிள்ள. அந்தப் பக்கமும் தண்ணி விழுற பீலி ஏதாவது இருக்கும். இந்த ஜனத்தத் திரும்பி வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

மழை தூறத் தொடங்கியிருந்தது. லயத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு மூன்று கல் உருண்டு வரும் சத்தம் கேட்டது. நிரஞ்சலா மலையை ஒரு தரம் பார்த்தாள். படிவக் கோப்பைத் திறந்தாள்.

"மாத்தலாம் சேர். ஒரு கஷ்டமும் இல்ல. திருத்தப் படிவத்துல 'இம்மாற்றத்துக்கு முழுப் பொறுப்பு ஏற்பவர்' என்ற எடத்துல மட்டும் நீங்க கையெழுத்துப் போடணும்."

"பொறுப்பா?"

"முழுப் பொறுப்பு சேர். பேரு, பதவி, அடையாள அட்டை இலக்கம்."

றவூப் எடுத்த பேனையைத் திரும்பச் சட்டைப் பையில் செருகினார். "சூறாவளி இயற்கையான விஷயம் பிள்ள. அதுல நாம தலையிடக் கூடாது" என்றார்.

சனிக்கிழமை விடியும்போது சூறாவளி எங்கோ கிழக்குக் கரையைக் கடந்தது. கவ்வாத்துமலைக்கு அது அறிவிக்கப்படவில்லை. இங்கே மழை மட்டும் பெய்தது. அப்படி ஒரு மழையை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. பகல் இரண்டு மணிக்கு மலை இறங்கியது. பள்ளிக்கூடத்துச் சுவர் அதிர்ந்தது. பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் போய்ப் பார்த்தார்கள். ஆறாம் நம்பர் லயம் இல்லை. இருபத்திரண்டு குடும்பத்துக் காம்பரா வீடுகளும் மண்ணோடு மண்ணாகக் குட்டைக்குள் கிடந்தன. குட்டையும் இல்லை.

இராக்கம்மா ஆட்களை எண்ணினாள். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள். ஒருவரும் குறையவில்லை. வந்து நிரஞ்சலாவின் கையைப் பிடித்தாள். நிரஞ்சலா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை றவூப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். "நாட்டிலேயே கரை கடக்கும் இடத்தை மிகச் சரியாகக் கணித்தது எமது பிரிவுதான்" என்றார். தலைமையகம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. ஆறாம் நம்பர்க்காரர்களின் வீட்டு விண்ணப்பத்துக்கும் சீக்கிரமே பதில் வந்தது: அழிந்தது சூறாவளியால் என்று பதிவாகியிருப்பதால் மண்சரிவு வீட்டுத் திட்டம் பொருந்தாது, கடலோரத்தில் புதிய வீடு கட்டவும் அனுமதி இல்லை. நிரஞ்சலாதான் அதைத் தமிழில் ஆக்கினாள். இதற்கு முத்திரை இல்லை, கையாலேயே எழுதினாள்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது அலுவலக வாசலில் வரிசை நின்றது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள், பசறைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எல்லாருடைய மலையும் வெடித்திருந்தது. யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை.

"எங்க லயத்துப் பக்கமாவும் ஒரு சூறாவளிய கரை கடக்க வச்சுக் குடுங்க மிஸ்" என்று கேட்டார்கள்.

ஒரு மாவட்டத்துக்கு ஒரு கரைதான் என்று கொழும்பு சொல்லிவிட்டது. வரிசையில் சண்டை வந்தது. போன தடவை அவர்களுக்கு வந்தது, இந்தத் தடவை எங்களுக்கு வர வேண்டும் என்று ஒரு தலைவர் சாலை மறியல் செய்தார். அதனால், அதிகப் புள்ளி எடுக்கும் லயத்துக்கே கரை என்று புள்ளி முறை கொண்டுவந்தார்கள். விதிகளை வகுக்கும் பொறுப்பு, அனுபவமுள்ள உத்தியோகத்தர் என்பதால், பதவி உயர்வோடு நிரஞ்சலாவுக்கு வந்தது. அவள் நியாயமாகவே வகுத்தாள். விண்ணப்பிக்க லயத்துக்குக் கீழே இருபது அடிக் குட்டை ஒன்று கட்டாயம். அது இல்லாமல் கரை இல்லை. வெடிப்பின் அகலத்துக்கு அடிக்கு ஐந்து புள்ளி.

இப்போது ஊவாவின் தோட்டங்களில், வேலை முடிந்து வந்த சனம் மண்வெட்டியோடு மலையடிவாரத்தில் குட்டை வெட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் இராக்கம்மாவும் போய், எப்படி வெட்டுவது என்று காட்டிக் கொடுக்கிறாள். அடியில் தோண்டத் தோண்ட மேலே மலை வெடிப்பும் அகலமாகிக்கொண்டே போகிறது. யாரும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஐந்து புள்ளி.